கூட்டினால் மூன்று, வகுத்தால் பதினொன்று

சிம் கார்டு விற்பது என்பது, வந்தவர் மனத்தில் இருக்கும் நம்பரை அவர் வாயாலேயே சொல்ல வைத்து, கடைசியில் அது இல்லை என்று சொல்லும் தொழில். கவுண்டருக்கு உள்பக்கம் நின்று பிழைப்பவர்கள் யாராக இருந்தாலும், ஜவுளிக் கடையோ மருந்துக் கடையோ, நான் படும் பாடு உங்களுக்குப் புரியும். நீங்கள் சேலையின் கரையில் படுவதை நான் எண்ணின் கரையில் படுகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

திசையன்விளை பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் ஒன்பது வருடமாக என் கடை இருக்கிறது. சிம், ரீசார்ஜ், ஜெராக்ஸ். ஜெராக்ஸ் மெஷினைச் செல்வி பார்த்துக்கொள்கிறாள். அவள் வாயை யாரும் பார்த்துக்கொள்ள முடியாது. நான் திருநெல்வேலி டவுனில் பிறந்தவள். எம்.எஸ்ஸி. கணக்கு. ஆசிரியர் தேர்வை மூன்று முறை எழுதினேன், மூன்று முறையும் அது என்னை வேண்டாம் என்றுவிட்டது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததும் கணவர் வீட்டு முன்கடை காலியாகக் கிடந்தது. படித்த கணக்கு வீணாகப் போகிறதே என்று எனக்குள் ஒரு புகைச்சல் இருந்துகொண்டே இருந்தது. அந்தப் புகைச்சல் எப்படி அணைந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஒரு எச்சரிக்கை: யாருடைய நம்பரையும் இதில் எழுத மாட்டேன். உங்களை எனக்குத் தெரியும், உடனே போட்டுப் பார்ப்பீர்கள்.

எட்டு எங்கே உட்கார்ந்தாலும்

கடை திறந்த மாதத்தில் ஒரு கருப்பட்டி வியாபாரி வந்தார். புது நம்பர் வேண்டும், சுலபமாக ஞாபகம் வைக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்றார். நல்லதாக ஒன்று எடுத்துக் காட்டினேன். வாங்கியவர், மேலே பார்த்து உதட்டை அசைத்தபடி பத்து இலக்கத்தையும் கூட்டினார். நாற்பத்து நான்கு. நாலும் நாலும் எட்டு. நான் ஏதோ செத்த எலியை நீட்டியதுபோல் சீட்டைக் கவுண்டரில் வைத்துவிட்டார். எட்டு சனியின் எண்ணாம். ஆனால் நம்பர் அவருக்குப் பிடித்துவிட்டது. கம்பெனியில் சொல்லிக் கடைசி இரண்டு எண்களையும் இடம் மாற்றித் தரச் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

அண்ணாச்சி, இலக்கங்களை எப்படிக் குலுக்கிப் போட்டாலும் கூட்டுத்தொகை மாறாது, ஒன்பதால் வகுத்தால் வரும் மீதியும் மாறாது என்று ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். வகுப்பறை கிடைக்காதவள் இல்லையா, விட்டேனா? முன்னால் இருந்ததைப் பின்னாலும் பின்னால் இருந்ததை நடுவிலும் மாற்றி ஆறு விதமாகப் போட்டேன். ஆறிலும் எட்டு மீதி வந்தது. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தத் தாளையே வெகுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்:

"அப்பம் சனியன் எந்த நாற்காலில உக்காந்தாலும் சனியந்தான்னு சொல்லுத."

ஒன்பது பேர்

அன்றிலிருந்து எனக்கு ஒரு கிறுக்கு பிடித்தது. எல்லோரும் நம்பருக்கு ஜாதகம் கேட்கிறார்கள்; கேட்பதுதான் கேட்கிறார்கள், உண்மையான ஜாதகமாகக் கொடுப்போமே என்று தோன்றியது. அறுநூறு கோடிக்குக் குறையாத ஒரு முழு எண்ணைத் தலையில் கட்டுகிறோம், அது எதனால் வகுபடும், எதனால் வகுபடாது என்று சொல்லி அனுப்புவதுதானே மரியாதை? மூன்று, ஏழு, பதினொன்று, பதின்மூன்று வரை நானே மனத்தில் வகுத்துச் சொல்லிவிடுவேன். யாரும் கேட்கவில்லை. நானும் நிறுத்தவில்லை. எனக்குக் 'கணக்கக்கா' என்று பெயர் வந்தது இப்படித்தான்.

ஏரல்காரர் ஒருவர் ஒருநாள் வந்தார். ஓய்வுபெற்ற அதிகாரி, சட்டைப் பையில் இரண்டு பேனா. பூஜ்யம் முதல் ஒன்பது வரை எல்லா இலக்கமும் ஒரே ஒரு தடவை வருகிற நம்பர்தான் வேண்டும் என்று நின்றார். எதற்கு என்று கேட்டதற்கு, வேலையில் இருந்தபோது யாரையும் ஒதுக்கியதில்லை, நம்பரிலும் ஒதுக்கப் பிடிக்கவில்லை என்றார். நான்கு நாள் தேடி, ஒன்று அகப்பட்டது. கொடுக்கும்போது வழக்கம்போல் ஆரம்பித்தேன். பத்து இலக்கத்தையும் எந்த வரிசையில் அடுக்கினாலும் கூட்டினால் நாற்பத்தைந்துதான். ஆகையால் அந்த எண் கட்டாயம் ஒன்பதால் மிச்சமில்லாமல் வகுபடும். என்ன செய்தாலும் அது பகா எண் ஆகாது. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"நாங்க கூடப்பொறந்தவங்க ஒம்பது பேரும்மா. மிச்சம் விழாம பிரியுதுன்னா, அது ஒண்ணு போதும் எனக்கு."

வகுபடாதது

கடையின் நம்பரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது யாருக்கும் வேண்டாத நம்பர். கூட்டினால் எட்டு, ஆறு மாதம் யாரும் சீந்தாமல் கிடந்ததால் நானே எடுத்துக்கொண்டேன். ஒருநாள் அதை மூன்றால் வகுத்தேன், போகவில்லை. ஏழு, போகவில்லை. பதினொன்று, பதின்மூன்று, பதினேழு, எதிலும் போகவில்லை. எனக்கு வீம்பு வந்துவிட்டது. பத்து இலக்க எண் பகா எண்தானா என்று பார்க்க, லட்சத்துக்கு உட்பட்ட பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். அப்படி ஒன்பதாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் இருக்கிறது. கம்ப்யூட்டர் கண்மூடித் திறப்பதற்குள் சொல்லிவிடும் என்பது எனக்குத் தெரியாதா? என் நம்பரை நான்தான் வகுப்பேன் என்று உட்கார்ந்துவிட்டேன். மத்தியானம் கூட்டமில்லாத நேரத்தில், நாளுக்கு நூறு வீதம், பழைய கால்குலேட்டரில்.

மூன்று மாதத்துக்குப் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை கடைசி எண்ணாலும் வகுத்து முடித்தேன். மீதி வந்தது. ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதற்கும் பிடிகொடுக்காத எண் என் கடை வாசலில் எழுதியிருக்கிறது. சந்தோஷத்தில் செல்விக்குப் பால்பன் வாங்கிக் கொடுத்துச் செய்தியைச் சொன்னேன். அவள் அதைப் பைய மென்று முடித்துவிட்டுக் கேட்டாள்:

"மூணு மாசமா வகுத்து, வகுபடாதுன்னா கண்டுபுடிச்சிய?"

நோட்டில் பெண்ணைக் காணோம்

முதல் ஒரு வருடம் வரை என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. யார், எந்த ஊர், என்ன நம்பர், அதன் ஜாதகம் எல்லாம் வரிசையாக எழுதி வைத்திருந்தேன். இந்த நோட்டில் இருந்து ஒரு கல்லூரிப் பெண்ணின் நம்பரை எவனோ எட்டிப் பார்த்து எடுத்துக்கொண்டு போய் அவளுக்குத் தொல்லை கொடுத்திருக்கிறான். அவள் என்னிடம் வந்து சண்டைகூடப் போடவில்லை. நம்பரை மாற்றித் தாருங்கள் என்று மட்டும் கேட்டாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. அன்றே அந்த நோட்டைக் கிழித்து அடுப்பில் போட்டேன். இனிமேல் பெயர், ஊர், ஜாதகம் மட்டும்தான், நம்பர் கிடையாது என்று புது நோட்டு போட்டேன்.

ஜாதகம் மட்டும் எதற்கு என்று செல்வி கேட்டாள்.  மீன் தின்றவர் முள்ளைச் சேர்த்து வைப்பதுபோல் ஒரு பழக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொல்லை கொடுத்தவன் என்று செல்வி அடையாளம் காட்டிய ஆசாமி ஒருநாள் மறுபடி ரீசார்ஜுக்கு வந்தான். நான் தெரியாதவள்போல் நோட்டை அவன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு உள்ளே போனேன். வந்து பார்த்தால் இரண்டு பக்கம் புரட்டியிருக்கிறான், முகத்தில் ஈயாடவில்லை. 'ஏழால் வகுபடும், பதின்மூன்றால் வகுபடாது' என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, திருடனே போலீஸிடம் நியாயம் கேட்பதுபோல் என்னைக் கேட்டான்:

"என்னக்கா, ஜாதகம் மட்டும் இருக்கு, பொண்ணக் காணும்?"

மிச்சம் பதினொரு பேர்

இனிமேல் நான் சொல்லப் போவதெல்லாம் உவரிக்காரர்கள் இரண்டு பேரைப் பற்றியது. ரோஸ்லின் என்பவள் அக்கா. உவரியில் இருந்து மீன் கொண்டுவந்து இங்கே சந்தையில் விற்கிறாள். சேவியர் அவளுடைய தம்பி. ஐந்து வருடத்துக்கு முன்னால், மேற்குக் கரையில் எங்கோ ஒரு துறைமுகத்தில் ஆழ்கடல் போட்டில் வேலை கிடைத்து, பஸ் ஏறுகிற அன்று காலையில் அக்காவோடு என் கடைக்கு வந்தான். பழைய நம்பர் வேண்டாம், புது இடத்துக்குப் புது நம்பர் வேண்டும் என்றான். கூட்டினால் மூன்று வர வேண்டுமாம். குரு பகவானுக்கா என்று கேட்டேன். பிதா, சுதன், பரிசுத்த ஆவிக்கு என்றான்.

அந்தப் பதிலுக்காகவே பொறுமையாகத் தேடி ஒன்று எடுத்துக் கொடுத்தேன். வகுத்துப் பார்த்தால் அது பதினொன்றால் சுத்தமாக வகுபட்டது. சொன்னேன். ரோஸ்லின், பதினொன்று நல்ல எண்ணா, கெட்ட எண்ணா என்று கவலைப்பட்டாள். கணக்கில் நல்லது கெட்டது கிடையாது என்று நான் வாயெடுப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"யூதாஸ் போன பெறவு மிச்சம் பதினொரு பேருதானக்கா. எல்லாவனும் நல்லவன்தான்."

மூன்று மட்டும் வேண்டாம்

ஒரு வருடம் கழித்து ரோஸ்லின் தனியாக வந்தாள். மீன்கூடையை வாசலில் இறக்கி வைக்காமல் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். புது நம்பர் வேண்டும் என்றாள். காரணத்தைப் பிறகுதான் சொன்னாள். கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்று சொன்ன தம்பி, இன்னும் ஒரே ஒரு தங்கல் என்று, வாரக்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கப் போய்விட்டான். அவன் கடலில் இருந்தபோதுதான் அவர்களுடைய அப்பா இறந்துபோனார். கடைசி மூன்று நாளும் அவன் வந்துவிட்டானா என்று வாசலைப் பார்த்துக்கொண்டே கிடந்திருக்கிறார். நடுக்கடலில் இருப்பவனுக்கு எந்த நம்பரில் சொல்வது? முப்பதாம் நாள் பூசைக்குத்தான் அவனால் வர முடிந்தது. கல்லறைக்குப் போய்விட்டு வீட்டுக்கு வந்தவனை இவள் வாசலிலேயே மறித்து, யூதாஸ் என்று சொல்லிவிட்டாள். அவன் அப்படியே திரும்பிப் போய்விட்டான்.

பிறகும் அவன் தினமும் கூப்பிடுகிறான், கூப்பிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் புது நம்பர். அவன் நம்பரையும் போனில் இருந்து அழித்துவிட்டாளாம். நான் விற்காமல் இருந்திருக்கலாம். இரண்டு நாள் கழித்து வா என்றாவது சொல்லியிருக்கலாம். கையில் சீட்டை எடுத்துக்கொண்டு, எத்தனை கூட்டு வர வேண்டும் என்று பழக்க தோஷத்தில் கேட்டேன்.

"எது வந்தாலும் சரி. மூணு மட்டும் வராம குடுங்க."

காலண்டருக்குப் பின்னால்

அதற்குப் பிறகு நாலு வருடம். ரோஸ்லின் வாரம் இரண்டு தடவை கடைக்கு வருவாள், மீன் தருவாள், ரீசார்ஜ் பண்ணுவாள். தம்பி பேச்சை எடுக்கமாட்டாள், நானும் கேட்கமாட்டேன். போன தை மாதம் ஒருநாள் காலையில் கூடை இல்லாமல் வந்தாள். மகள் ஜான்சிக்குக் கல்யாணம் நிச்சயமாகி, கோயிலில் கல்யாண அறிவிப்பு, முதல் ஓலை, வாசித்தாகிவிட்டது. இன்னும் இரண்டு ஞாயிறு ஓலை வாசித்தால் கல்யாணம். தாய்மாமன் வராமல் கோயில் படி ஏறமாட்டேன் என்று ஜான்சி சொல்லிவிட்டாளாம். சின்ன வயதில் அவளைத் தோளில் தூக்கிக் கரையெல்லாம் காட்டியவன் அவன்தான். அவள் சும்மா சொல்லவில்லை என்று ரோஸ்லினுக்குத் தெரியும், ஏனென்றால் அந்தப் பிடிவாதம் தன்னிடமிருந்து வந்ததுதான்.

நம்பர்தான் இல்லை. அழிந்த நம்பர் வேறெங்காவது இருக்கிறதா என்றால், இருந்தது. சிம் வாங்கிய அன்று சேவியர் பைகளை எடுக்க வீட்டுக்குப் போனவன், தடித்த மார்க்கரால் சுவரில் தன் நம்பரை இரண்டிரண்டாகப் பிரித்துப் பெரிதாக எழுதிவிட்டுத்தான் பஸ் ஏறியிருக்கிறான். சண்டைக்குப் பிறகு அதன்மேல் ஆணி அடித்துக் கோயில் காலண்டரை மாட்டிவிட்டாள். நாலு வருடமாக, புது வருடம் பிறந்தால் பழைய காலண்டரைக் கழற்றிய கை, சுவரைப் பார்க்காமலே புதியதை மாட்டும். அழிக்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. கல்யாணத்துக்காக வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்த பெயிண்டர் காலண்டரைக் கழற்றி ஒரு ஓரமாக வைத்துவிட்டு, உருளையைச் சுவரில் ஓட்டினார். அடுப்படியில் இருந்து ரோஸ்லின் ஓடிவந்து கத்துவதற்குள் ஒரே ஒரு இழுப்பு முடிந்துவிட்டது. மகளின் போனில் எடுத்த படத்தைக் காட்டினாள். ஐந்து ஜோடியில் நான்கு ஜோடி பளிச்சென்று இருக்கிறது. நாலாவது ஜோடி இருந்த இடத்தில் மேலிருந்து கீழாக இளம்பச்சை. சுரண்டிப் பார்த்ததில் மார்க்கரும் பெயிண்டோடு சேர்ந்து உரிந்து வந்துவிட்டது. சேவியரோடு வேலைக்குப் போன இரண்டு பேரும் எப்போதோ ஊர் திரும்பிவிட்டார்கள், போன் மாறியதில் அவர்களிடம் மிச்சமிருப்பது ஊரில் இருந்தபோது அவன் வைத்திருந்த பழைய நம்பர்தான். நான் விற்ற நம்பர் நிச்சயம் என் கடையில் இருக்கும் என்று நம்பி முதல் பஸ்ஸில் வந்திருக்கிறாள். என் நோட்டைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே. தேடி எடுத்தேன். 'சேவியர், உவரி. கூட்டு மூன்று. பதினொன்றால் வகுபடும்.' நம்பர் இல்லை. அவள் அந்த வரியை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"எல்லாத்தையும் எழுதியிருக்கிய. நம்பர மட்டும் எழுதல."

இரண்டு போன்

செல்வி ஒரு வழி சொன்னாள். பூஜ்யம் பூஜ்யம் முதல் தொண்ணூற்றொன்பது வரை வரிசையாக நூறு பேருக்குப் போன் போடலாம், ஒருவன் சேவியராகத்தானே இருப்பான்? நியாயமான யோசனைதான். ஆனால் ரோஸ்லினின் முகத்தைப் பார்த்தேன். நாலு வருடமாக இறங்காதவள் இன்றைக்குத்தான் ஒரு படி இறங்கி வந்திருக்கிறாள். முன்பின் தெரியாத நூறு பேரிடம், நீ என் தம்பியா என்று கேட்கிற அளவுக்கு அவளுக்குத் தெம்பு கிடையாது. மூன்றாவது போனிலேயே வீம்பு திரும்பி வந்து, அவள் அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுவாள். ஜான்சியின் கல்யாணம் அந்தப் பச்சைப் பட்டைக்குக் கீழே இருந்தது.

தாளை எடுத்தேன். கூட்டு மூன்று என்றால், அந்த எண்ணை ஒன்பதால் வகுத்தால் மீதி மூன்று. பதினொன்றால் வகுத்தால் மீதி இல்லை. இந்த இரண்டும் ஒன்றாக நடக்க வேண்டுமானால், தொண்ணூற்றொன்பதால் வகுக்கும்போது மீதி அறுபத்தாறுதான் வர முடியும். வேறு எதுவும் வராது. இன்னொன்று, எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும் வலப்பக்கத்தில் இருந்து இரண்டிரண்டு இலக்கமாகப் பிரித்துக் கூட்டினால், அந்தக் கூட்டுத்தொகையும் தொண்ணூற்றொன்பதுக்கு அதே மீதியைத்தான் தரும். சேவியர் எனக்காகவே பிரித்து எழுதி வைத்ததுபோல் இருந்தது. தெரிந்த நான்கு ஜோடிகளையும் கூட்டினேன். நூற்று அறுபத்தைந்து. அதில் தொண்ணூற்றொன்பது போனால் அறுபத்தாறு. தேவையான மீதி ஏற்கெனவே வந்துவிட்டது! அப்படியானால் மறைந்த ஜோடி எதையும் கூட்டக் கூடாது. ஒன்று, அது பூஜ்யம் பூஜ்யம். அல்லது தொண்ணூற்றொன்பது, தொண்ணூற்றொன்பதைச் சேர்த்தாலும் மீதி மாறாது. வேறு எந்த ஜோடியாக இருந்திருந்தாலும் ஒரே விடை வந்திருக்கும். நூறில் இந்த இரண்டு மட்டும்தான் ஒன்றின் பின்னால் ஒன்று ஒளிந்துகொள்ளும். என் அதிர்ஷ்டம். சரி, நூறு போன் இரண்டு போன் ஆயிற்று. கூட்டலை இன்னொரு முறை சரிபார்த்தேன். கல்லூரித் தேர்வில்கூட அப்படிச் சரிபார்த்ததில்லை.

முதலில் தொண்ணூற்றொன்பது போட்டேன். தூக்கக் கலக்கத்தோடு ஒருவர் இந்தியில் பேசினார். அவருடைய எண்ணும் கூட்டினால் மூன்று, பதினொன்றால் வகுபடும். அதை அவரிடம் சொல்ல எனக்கு இந்தி போதவில்லை. மன்னிப்பு கேட்டு வைத்தேன். ரோஸ்லின் அதற்குள் எழுந்துவிட்டாள். அவன் நம்பரை மாற்றியிருப்பான், விட்டுவிடலாம் என்றாள். செல்வி, யாரும் சொல்லாமலே, ஜெராக்ஸ் பண்ண வந்தவர்களைச் சற்று நேரம் கழித்து வரச் சொல்லிவிட்டு வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். நான் இரண்டாவதைப் போட்டேன். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தது ஒரு ஆண் குரல், பின்னால் போட்டு எஞ்சின் சத்தம். திசையன்விளைக் கடையில் இருந்து கணக்கக்கா பேசுகிறேன் என்றேன்.  மெதுவாக, அக்கா நல்லா இருக்காளா என்று கேட்டான்.  போனை ரோஸ்லினிடம் நீட்டினேன். அவள் வாங்கிக் காதில் வைத்து, முந்தானையால் வாயை ஒருதரம் துடைத்தாள். நாலு வருடத்துக்கு மன்னிப்பும் இல்லை, அழுகையும் இல்லை, நேற்றுப் பேசி வைத்தவள் மாதிரி சொன்னாள்:

"லே சேவி, ஜான்சிக்கு மொத ஓலை வாசிச்சாச்சு. நீ என்னைக்கு பஸ் ஏறுத?"

சுவரிலேயே கிடக்கட்டும்

இரண்டாம் ஓலைக்கு முந்தின நாளே அவன் வந்துவிட்டான். கல்யாணத்துக்கு நானும் செல்வியும் உவரிக்குப் போயிருந்தோம். மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்டதும், ஜான்சியைக் கைப்பிடித்துக் கோயிலுக்கு அழைத்துப் போனதும் தாய்மாமன்தான். அவள் படி ஏறும்போது ரோஸ்லின் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நன்றி என்று அவள் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு விருந்தில் என் இலையில் விழுந்த மீன் துண்டுகளை எண்ணியிருந்தால் அதுவும் பகா எண்ணாக இருந்திருக்கலாம், எண்ண முடியவில்லை. நன்றி சொல்ல வேண்டியவள் உண்மையில் நான். கூட்டு எண் பார்க்கிறவர்களை ஒன்பது வருடமாகக் கிண்டல் செய்துகொண்டு திரிந்தவள். சேவியர் அன்றைக்கு மூன்று வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல் இருந்திருந்தால் என் பதினொன்று தனியாக என்ன செய்திருக்கும்? பத்து விடைகளில் முட்டிக்கொண்டு நின்றிருப்பேன். கருப்பட்டிக்காரருக்கு, ஏரல்காரருக்கு, அந்தக் கல்லூரிப் பெண்ணுக்கு, என் கிறுக்கைச் சகித்துக்கொண்டு நின்ற எல்லாருக்கும் மனதாரக் கடன்பட்டிருக்கிறேன்.

கிளம்பும்போது வீட்டுக்குள் கூப்பிட்டார்கள். புதுப் பச்சைச் சுவரில், அதே இடத்தில், அதே மாதிரி இரண்டிரண்டாகப் பிரித்து, சேவியர் முழு நம்பரையும் மறுபடி எழுதியிருந்தான். அடியில் சின்னதாக 3, 11. ஆணி இருந்தது, காலண்டர் எதிர்ச்சுவருக்குப் போயிருந்தது. இப்போதாவது இதைப் போனில் ஏற்றி வைத்துக்கொள், நானே ஏற்றித் தருகிறேன் என்று ரோஸ்லினிடம் கை நீட்டினேன். அவள் போனைத் தரவில்லை.

"போன்ல இருந்தா கோவத்துல அழிச்சிருவேன். என்னைய எனக்குத் தெரியும்லா. அது சொவத்துலயே கெடக்கட்டும்."

எம்.எஸ்ஸி. கணக்கு படித்து என்னதான் சாதித்தாய் என்று இனி யாராவது கேட்டால் சொல்வதற்கு என்னிடம் ஒரு துல்லியமான விடை இருக்கிறது: தொண்ணூற்றெட்டு போன் அழைப்புகளை மிச்சப்படுத்தியிருக்கிறேன்.